அண்ணா சொன்ன ஒரு பெயர்

எங்கள் அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது. இத்தகைய மலர்களில் பிறந்த ஊர், படித்த பள்ளி, பார்த்த தொழில் என்று வரிசையாக எழுதுவது வழக்கம். நானும் அப்படியே தொடங்குகிறேன். ஆனால் உங்களில் பலர் இதைத் திறந்தவுடன் தேடப்போவது வேறொன்றை என்பது எனக்குத் தெரியும். ‘அந்த விஷயத்தைப் பற்றி ஏதும் எழுதியிருக்கிறாளோ?’ என்றுதான் பார்ப்பீர்கள். எழுதியிருக்கிறேன். அண்ணியும் அவர்களுடைய மகளும் சம்மதித்த பிறகே எழுதியிருக்கிறேன்.

வடமராட்சிக் கரையோரத்தில் உள்ள எங்கள் சிறு பட்டினத்தில், கூட்டுறவுக் கடையில் முகாமையாளராக இருந்த அப்பாவுக்கு மூத்த பிள்ளையாக அண்ணா பிறந்தார். வயதுக்கு மீறிய உயரம். ஊரில் யாருடைய கல்யாணம் என்றாலும் பந்தலில் சேலை கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஏணி தேவையில்லை என்பார்கள். அந்த நீண்ட கைகளைப் பார்த்துத்தான் விளையாட்டு மாஸ்ரர் அவரை உதைபந்தாட்ட அணியில் பந்துக்காப்பாளராக நிறுத்தினார்.

அண்ணா உயர்தரம் படித்த அந்த ஆண்டு, போர் எங்கள் பள்ளியின் வேலிவரை வந்துவிட்டது. மைதானத்துக்கு அப்பால் இராணுவ முகாம். அதன் காவற்கோபுரத்தில் நிற்கும் சிப்பாய்க்கு எங்கள் கோல் கம்பம் நன்றாகத் தெரியும். பள்ளியின் பாதிக் கட்டடத்தில் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் இருந்தன. மீதியில் வகுப்புகள் நடந்தன. இருந்தது ஒரே ஒரு நல்ல பந்து. அதையும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துத் தைத்துத்தான் ஆடினார்கள்.

அந்த அணி எப்படி வெல்லத் தொடங்கியது என்று யாருக்கும் விளங்கவில்லை. முன்வரிசையில் மகேந்திரன் இருந்தார். ஒன்பதாம் இலக்கச் சட்டை. அவர் பந்தோடு ஓடும்போது எதிரணிப் பிள்ளைகள்கூட வாய் பார்த்து நிற்பார்கள். இடப்பக்கத்தில் அவருடைய உயிர் நண்பர் தவராசா. இருவரும் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பின்னால் கோலுக்குள் அண்ணா. வெளியூர் ஆட்டங்களுக்கு ஒரு சைக்கிளில் இருவராகப் போவார்கள். ஒருமுறை இரண்டாம் பாதியில் ஹெலிகொப்ரர் வந்து சுட, ஆடியவர்களும் பார்த்தவர்களும் குப்புறப் படுத்துவிட்டார்கள். அது போனபின் எழுந்தால், பந்து எங்கள் கோல் கோட்டுக்கு அப்பால் கிடந்தது. அது உருண்டு போனதா, யாராவது படுத்தபடியே தட்டிவிட்டார்களா என்று இரண்டு ஊரும் சண்டை பிடித்தன. ஹெலிகொப்ரரைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

அந்தக் காலத்தில் எல்லாவற்றிலும் எங்களுக்குச் சந்தேகம். மைதானத்துக்குப் புதிதாக வந்த ஐஸ்பழக்காரர் ஆட்டத்தைப் பார்க்கிறாரா, ஆட்களைப் பார்க்கிறாரா? அடுத்த ஊர் நடுவர் ஏன் இரண்டு முறை எங்கள் பொடியன்களின் பெயரைக் கேட்டார்? வேலியோரம் நிற்கும் அந்த மனிதர் யாருடைய உறவு? இப்படிச் சந்தேகப்படாதவர்கள் அங்கே நெடுநாள் உயிரோடு இருக்கவில்லை. ஆகவே, சந்தேகப்பட்டதற்காக இந்தக் கட்டுரை யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பள்ளிகளுக்கு இடையிலான கிண்ணப் போட்டியின் அரையிறுதியில் வென்ற மறுநாள் காலையில் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்கள் எல்லாரையும் பள்ளி மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். சாக்கால் முகம் மூடிய தலையாட்டி ஒருவன் ஜீப்பில் இருந்தான். அவன் யாரைப் பார்த்துத் தலையை அசைக்கிறானோ அவரை லொறியில் ஏற்றினார்கள். அண்ணாவின் முறை வந்தபோது தலையாட்டி அசையவே இல்லை. பக்கத்தில் நின்ற அதிகாரிதான் சிரித்தபடி கையைக் காட்டி அண்ணாவைக் கூப்பிட்டான். அந்தச் சிரிப்பை ஊரே பார்த்தது.

அன்று பிடிபட்டவர்களில் திரும்பி வந்தவர்களைப் பாயில் கிடத்தித்தான் வைத்தியம் பார்த்தார்கள். அண்ணா மட்டும் பட்டப்பகலில் நடந்து வந்தார். முழங்காலில் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டு. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. படலை திறக்கும் சத்தம் கேட்டு அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டா. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, “அடியும் போடாமல் மருந்தும் கட்டியெல்லே விட்டிருக்கிறாங்கள்” என்றா.

அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை.

“என்ன கேட்டவங்கள்?”

“ஒண்டுமில்லை அப்பா.”

“ஒண்டும் கேக்காமலோ விட்டவங்கள்? உண்மையைச் சொல்லு.”

“பந்தடிக்கிறதைப் பற்றிக் கேட்டவங்கள்.”

மகன் தன்னைப் பகிடி பண்ணுவதாக அப்பா நினைத்தார். அதற்குப் பிறகு அவர் அண்ணாவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சில நாட்களில் மகேந்திரனைப் பிடித்தார்கள். இந்த முறை சுற்றிவளைப்பு இல்லை. ஜீப் நேரே அவர்களுடைய வீட்டுப் படலையில் வந்து நின்றது. அவர் திரும்பி வரவே இல்லை. முகாமில் கேட்டால், அப்படி ஒருவரைத் தாங்கள் கொண்டு வரவில்லை என்றார்கள். ஊருக்கு வேறு கணக்குப் போடத் தேவைப்படவில்லை. ஒருவன் அடி வாங்காமல் வந்தான்; அடுத்து அவனோடு ஆடியவன் காணாமல் போனான்.

இறுதியாட்டத்தைக் கைவிடலாம் என்று பலர் சொன்னார்கள். மகேந்திரனுக்காகவாவது ஆடுவோம் என்று பொடியன்கள் நின்றார்கள். ஆனால் அண்ணாவோடு ஆட மாட்டோம் என்றார்கள். ஒரு பின்னேரம் மாஸ்ரர் தவராசாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“இவன் நிண்டால் நான் நிக்கமாட்டன் சேர்” என்றார் தவராசா. அண்ணா முன்னால் நிற்கிறார் என்பதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை.

மாஸ்ரர் சொன்னார்: “எனக்குக் கோலுக்குள்ள ஒரு ஆள் வேணும். விசாரணை நடத்திறது என்ர வேலை இல்லை. நீ செய்தனியோ எண்டு நானும் இவனைக் கேக்கப் போறேல்லை. சனிக்கிழமை வா, அவ்வளவுதான்.”

அவரும் அண்ணாவை நம்பவில்லை என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்தது. அண்ணா தலையை மட்டும் ஆட்டினார்.

இறுதியாட்டத்தைப் பார்க்க அம்மா போகவில்லை. நான் அப்பாவின் சைக்கிளில் போனேன். எங்கள் பின்வரிசைக்காரர்கள் அன்று முழுக்க அண்ணாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தை அவருக்குத் திருப்பி அடிக்கவும் இல்லை. வெளியே அடித்து எதிரணிக்குக் கொடுத்தார்கள். மகேந்திரனின் இடத்தில் ஆடிய தவராசா ஒரு கோல் போட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிக்குப் பெனால்ரி உதை கிடைத்தது. எங்கள் ஊர்ச் சனம் அண்ணாவைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ‘இப்ப விடுவான் பார்’ என்று ஒருவர் சொன்னது அப்பாவின் காதில் விழுந்தது. அண்ணா வலப்பக்கம் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தார்.

ஆட்டம் முடிந்தது. பொடியன்கள் தவராசாவைத் தூக்கினார்கள். அண்ணாவிடம் யாரும் ஓடவில்லை. அவர் பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார். “போவம் அப்பா” என்றார். எங்கள் பள்ளி அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கிண்ணத்தை வென்றதில்லை.

வென்றதும் சந்தேகத்தைக் கழுவவில்லை. காட்டிக்கொடுத்தவன் தன் பெயரைக் காப்பாற்றத்தான் அப்படிப் பாய்ந்தான் என்றார்கள். கொஞ்ச நாளில் போராளி இயக்கப் பொடியன்கள் வந்து அண்ணாவை “ஒரு சின்ன விசாரணை” என்று அழைத்துப் போனார்கள். அவர்களும் விட்டுவிட்டார்கள், அதற்கும் ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது. அப்பா அவரைக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து ஜேர்மனிக்கு அனுப்பினார்.

ஜேர்மனியில் தமிழர் அதிகம் இல்லாத ஒரு சிறு நகரத்தைத் தேடிப் போய் அண்ணா குடியேறினார். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தார். மொழியை வேகமாகப் பிடித்துக்கொண்டார். புதிதாக வந்த அகதிகளுக்கு ஆஸ்பத்திரியிலும் வழக்கறிஞரிடமும் மொழிபெயர்த்துக் கொடுக்க லீவு போட்டுப் போவார். ஆனால் அவர்கள் எந்த ஊர் என்று கேட்கமாட்டார், தன் ஊரையும் சொல்லமாட்டார். மன்னாரைச் சேர்ந்த எங்கள் அண்ணியை மணந்தார். கணவர் ஒரு காலத்தில் பந்து விளையாடியவர் என்பதே அண்ணிக்குப் பல வருடம் தெரியாது. மணி அடித்தால் யன்னல் திரையை ஒதுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார் என்பது மட்டும் தெரியும்.

மகளை ஆங்கிலத்தில் படிப்பிக்க வேண்டும் என்று அண்ணி நின்றபடியால், இரண்டாயிரத்துக்குப் பிறகு அவர்கள் லண்டனுக்கு வந்து, பார்க்கிங் (Barking) என்ற பகுதியில், நான் முன்பே வந்து குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார்கள். அண்ணா பஸ் சாரதியானார். லண்டனில் எங்கள் ஊரவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் மழைக்குள் நான் அண்ணாவின் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு தரிப்பில் தவராசா அண்ணை மனைவியோடு ஏறினார். இங்கே கடை வைத்து, பழைய மாணவர் சங்கத்திலும் முன்னுக்கு நின்றவர். பயணக் கார்ட்டை வைக்கக் கையை நீட்டியவர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார்.

“இறங்கு. அடுத்த பஸ்ஸில போவம்.”

“ஏனப்பா, மழையெல்லே பெய்யுது?”

“இறங்கு எண்டுறன்.”

இருவரும் இறங்கினார்கள். அண்ணா கொஞ்ச நேரம் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார். பிறகு சாத்திவிட்டு ஓட்டினார்.

போர்நிறுத்தக் காலத்தில் பாதை திறந்தபோது, அம்மாவும் அப்பாவும் விட்டுப்போன வீட்டைப் பார்க்க நான் ஊருக்குப் புறப்பட்டேன். பயணத்துக்கு முன் அண்ணா வந்தார். சூட்கேசைக் கட்ட உதவியவர் திடீரென்று, “மகேந்திரன்ர அம்மாவிட்டப் போகாத” என்றார்.

“ஏன் அண்ணா?”

“போகாத எண்டால் போகாத.”

அந்தக் குரலில் ஒரு பயம் இருந்தது. “நீங்கள் சொல்லாட்டி நான் அங்கதான் முதல் போவன்” என்றேன். அண்ணா கட்டிலில் உட்கார்ந்தார். அன்றுதான் முகாமில் நடந்ததைச் சொன்னார்.

“அந்த அதிகாரி பந்தடிக்கிற விசரன். கோபுரத்தில நிண்டு எங்கட ஆட்டம் எல்லாம் பாத்தவனாம். அவையளுக்கும் வேற முகாம்காரருக்கும் ஒரு மட்ச் இருந்தது. அவையின்ர கோல் காப்பவனுக்குக் காய்ச்சல். என்னைக் கோலுக்குள்ள நிக்கச் சொன்னான். மாட்டன் எண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கொட்டிலுக்குள்ள எங்கட சனம் அடி வாங்கிக் கத்துது. நான் வெளியில அவங்களுக்குப் பந்து பிடிக்கிறன். ஒரு கோலாவது விட்டிருக்கலாம். பந்து வந்தால் கை தானாப் போகுது. விழுந்து முழங்கால் கிழிஞ்சுது. அவன்தான் மருந்து கட்டச் சொன்னவன்.”

“இதை ஏன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?”

“ஆமிக்கு விளையாடினனான் எண்டு சொன்னால் இயக்கம் என்னை விட்டிருக்குமோ? அதோட… அது மட்டும் இல்லை.” அவர் முகத்தைத் துடைத்தார். “தேத்தண்ணி குடிக்கேக்க அவன் கேட்டான், உங்கட ஒன்பதாம் நம்பர் ஆர், நல்லா ஆடுறான் எண்டு. நான் பேரைச் சொல்லிப்போட்டன். மகேந்திரன், எங்கட ரீமில அவன்தான் திறம் எண்டு. பெருமையாத்தான் சொன்னனான். அடுத்த கிழமை அவனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்.”

ஊர் அவரைச் சந்தேகித்ததைவிட அவர் தன்னைச் சந்தேகித்தது அதிகம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வார்த்தையும் மறுக்காமல் இத்தனை வருடம் இருந்தது அதனால்தான்.

நான் மகேந்திரனின் அம்மாவிடம் போனேன். யார் என்று சொன்னதும் அவ வாசலிலேயே என்னை நிறுத்தி வைத்துக் கனநேரம் பார்த்தா. பிறகு உள்ளே கூப்பிட்டா. நான் அண்ணா சொன்னதைச் சொன்னேன். கேட்டு முடித்து, அந்த அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டா.

“பிள்ளை, அவங்கள் வந்தது என்ர மூத்தவனைத் தேடி. மூத்தவன் இயக்கத்துக்குப் போனது ஊரில ஒருத்தருக்கும் தெரியாது. மூத்தவன்ர பேரைச் சொல்லித்தான் கேட்டவங்கள். அவன் இல்லையெண்டதும் சின்னவனைப் பிடிச்சவங்கள். அதை நான் வெளியில சொன்னால் மிச்சப் பிள்ளையளையும் வந்து அள்ளுவாங்கள் எண்ட பயத்தில வாய் திறக்கேல்லை. உன்ர அண்ணரைச் சனம் பழி பேசினது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாமல் இருந்தனான். இப்ப மூத்தவனும் இல்லை. இனி எனக்கு என்ன பயம்?”

லண்டனுக்குத் திரும்பி அண்ணாவிடம் இதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“நீ எனக்காண்டிச் சொல்லுறாய்.”

“சத்தியமா அண்ணா. ஃபோன் எடுத்துத் தாறன், நீங்களே கதையுங்கோ.”

“வேண்டாம். அந்த மனுசி உனக்கு முன்னால பாவம் பாத்துச் சொல்லியிருக்கும்.”

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டுச் சொன்னார். ஊரில் மீண்டும் போர் தொடங்கிப் பாதையும் மூடிவிட்டது.

கடந்த ஆண்டு அண்ணாவுக்கு ஈரலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். மிகவும் முற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் நோவைத் தாங்கினார்; தாதிமாருக்கு அவர் முகம் சுளித்தது ஞாபகம் இருக்காது. ஒரு மத்தியானம், அண்ணி பக்கத்தில் இருக்க, அவரே கேட்டார்: “அந்த நம்பர் இருக்கோ?” இணைப்புக் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. கிடைத்ததும் கையடக்கத் தொலைபேசியை எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன்.

அந்த அம்மாதான் தொடங்கினா. “தங்கச்சி எல்லாம் சொன்னவ தம்பி, நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்” என்றா. அண்ணா குறுக்கிட்டார்.

“அம்மா, அவங்கள் வரேக்க மகேந்திரன் எண்டு பேர் சொன்னவங்களோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

“இல்லை ராசா. அவன்ர பேர் அவங்களுக்குத் தெரியாது. நான்தான் சொன்னனான். இழுத்துக்கொண்டு போகேக்க பின்னால ஓடி, ஐயா, இவன் மூத்தவன் இல்லை, இவன் மகேந்திரன், பள்ளிக்கூடத்தில பந்தடிக்கிற பொடியன், விடுங்கோ எண்டு கத்தினனான். பேரைச் சொன்னது நான்.”

பிறகு அண்ணா சொன்னார்: “நானும் சொன்னனான் அம்மா. முகாமில.”

“என்னெண்டு சொன்னனீர்?”

“எங்கட ரீமில அவன்தான் திறம் எண்டு.”

“அது உண்மைதானே தம்பி” என்றா அந்த அம்மா. சொல்லிவிட்டு அழுதா. அண்ணாவும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதற்குப் பிறகு இருந்த நாட்களில் அவர் மகளுக்கு அந்த அணியைப் பற்றி, யார் எங்கே ஆடினார்கள், யார் எப்படி ஓடுவார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் தமிழும் ஜேர்மனும் ஆங்கிலமும் கலந்து கேள்வி கேட்டாள். சத்துமாவைக் கரைத்துக் கொடுத்தாலும் விழுங்க முடியாத நிலையிலும் அந்தக் கதை நிற்கவில்லை. குடும்பம் சூழ்ந்திருக்க, ஒரு காலைப் பொழுதில் அமைதியாகக் கண்ணை மூடினார்.

இறுதிக் கிரியை அன்று மண்டபத்துக்கு வெளியே தவராசா அண்ணை நின்றார். உள்ளே வரவில்லை. ஃபோனில் நடந்த உரையாடல் அவருடைய காதுக்கும் போயிருந்தது. நான் வெளியே போனேன்.

“தங்கச்சி, குறை நினையாத. நீங்கள் சொல்லுறதை நான் எப்பிடி நம்பிறது? மகேந்திரன் என்ர சிநேகிதன்.”

“நம்ப வேண்டாம் அண்ணை. இந்தாங்கோ நம்பர். நீங்களே கேளுங்கோ.”

அவர் வாங்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தின் மூலைக்குப் போனார். திரும்பத் திரும்ப அழுத்தினார். ஒருகட்டத்தில் இணைப்புக் கிடைத்தது. அவர் காரின் மேல் கையை ஊன்றிக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தது தூரத்தில் தெரிந்தது. கிரியை முடியும் நேரத்தில் உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே அண்ணியிடம் போய், “நானும் ஒரு பக்கம் தூக்கலாமோ?” என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தா. பிறகு “ஓம்” என்றா.

அண்ணாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு வந்த அயலவர்களுக்கும், தங்கள் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்ற பஸ் சாரதி நண்பர்களுக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், தோள் கொடுத்த தவராசா அண்ணைக்கும், வந்தவர்களுக்கும் வர முடியாமல் தொலைபேசியில் பேசியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு வேண்டுகோள் மட்டும் மீதி இருக்கிறது. இந்த மலர் பல நாடுகளுக்குப் போகும். அந்த முகாமில் அந்த நாட்களில் அடைபட்டிருந்து உயிர் தப்பியவர்கள் உங்களில் இருக்கக்கூடும். எங்கள் அண்ணாவைப் பற்றி உங்களிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. மகேந்திரனைக் கண்டீர்களா, அவருக்கு என்ன நடந்தது என்பது தெரியுமா? தெரிந்தால், எவ்வளவு சிறிய விஷயமானாலும், எங்களுக்குச் சொல்ல வேண்டாம். அவருடைய அம்மா இன்னும் இருக்கிறா. அவவுக்குச் சொல்லுங்கள்.